பயாஸ் ஏறிக் காட்டிய சறுக்குமரம்

பயாஸின் கையைப் பார்த்தவர்கள் அதன் பிறகு அவர் காலைப் பற்றிக் கேட்பதில்லை. அப்படிப்பட்ட கை. சேலத்தில் ஒரு குறுகலான கடைவீதிச் சந்தில், நாலு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் வெளியே நிற்க வேண்டிய கடை அவருடையது. பள்ளிக்கூடப் பை, சூட்கேஸ், லாரிக்காரர்களின் ரெக்சின் பை, எது வந்தாலும் ஜிப் மாற்றி, வார் தைத்துக் கொடுப்பார். தடித்த தோலில் ஊசி ஏற்றும்போது மற்றவர்கள் பல்லைக் கடிப்பார்கள். இவர் பேசிக்கொண்டே ஏற்றுவார். உள்ளங்கை இரண்டும் காய்த்துப்போய் மரத்திருக்கும். நாற்பது வருஷமாக அவர் உடம்பின் பாரம் முழுவதையும் அந்தக் கைகள்தான் சுமந்து வந்தன.

இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம். இடது கால் சூம்பிவிட்டது. வலது கால் பேருக்கு இருக்கிறது. இரும்புப் பட்டை வைத்த பூட்ஸ் ஒன்றும், கக்கத்தில் இரண்டு கட்டைகளுமாக நடந்து வளர்ந்தவர். அவருடைய அத்தா பரக்கத் அலி, சந்தைக்குச் சந்தை துணி எடுத்துப்போய் விற்றவர். மகனை மடியில் போட்டு அழுகிற ஆள் இல்லை. வீட்டு நடையில் குறுக்காக ஒரு இரும்புக் குழாயை அடித்துவிட்டு, "பிடிச்சுத் தொங்கு" என்றார். காலையில் ஐம்பது தடவை, சாயங்காலம் ஐம்பது தடவை உடம்பைத் தூக்க வேண்டும். தூக்கினால்தான் டீயும் பன்னும். அது பாசமா கொடுமையா என்று பயாஸ் யோசித்ததே கிடையாது. பலனைக் கண்டவர் அவர். பஸ்ஸில் யார் கையும் படாமல் ஏறுவார். யாராவது பரிதாபப்பட்டுத் தோளைப் பிடித்தால் முகம் சுருங்கிவிடும். பெண் பார்க்கப் போன அன்றைக்கே மாடிப்படியில் மைத்துனர் நீட்டிய கையைத் தட்டிவிட்டவர். "அந்தத் திமிரைப் பார்த்துத்தான் சரின்னு சொன்னேன்" என்று மனைவி ஜஹானாரா இருபது வருஷம் கழித்தும் சொல்லிக் காட்டுவாள்.

ஒன்றுதான் அவருக்குக் கிடைக்காமல் போனது, விளையாட்டு. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு பீரியட் வந்தால் மற்றப் பையன்களின் செருப்புக்கும் பைக்கும் இவர் காவல். அப்படி ஏழு வருஷம் காவல் இருந்திருக்கிறார். மைதானத்துச் சறுக்குமரத்தின் உச்சியில் நின்றால் சுவருக்கு அப்பால் ரயில் போவது தெரியும் என்று பையன்கள் சொல்வார்கள். தெரிந்ததோ தெரியவில்லையோ, இவருக்குத் தெரியாது.

அப்படிப்பட்டவரைப் போய் விளையாட்டுத் திடல்களைச் சோதித்துச் சொல்லும்படி கேட்டாள் உஷாராணி. அவள் மாற்றுத்திறன் குழந்தைகளுக்காக நடக்கும் ஓர் அறக்கட்டளையில் வேலை பார்த்தாள். ஒரு மூட்டைப் பள்ளிப் பைகளை ஜிப் போடக் கொண்டுவந்தவள், அவர் முக்காலியிலிருந்து பரண்வரை கையாலேயே தாவி ஏறி நூல்கண்டு எடுத்ததைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டாள். சேலத்திலும் நாமக்கல்லிலுமாக இருபது பூங்காக்களை அறக்கட்டளை பட்டியல் எடுத்திருந்தது. எட்டு வயதுக்கு உட்பட்ட எல்லாக் குழந்தைகளும், நடக்க முடிந்ததோ முடியாததோ, அங்கே விளையாட முடிகிறதா என்று பார்த்து எழுத வேண்டும். ஏற்கெனவே இரண்டு இன்ஜினியர்களை அனுப்பியதில், அவர்கள் காரை விட்டு இறங்காமலே ஒரே நாளில் ஒன்பது பூங்காக்களை முடித்துவிட்டு வந்திருந்தார்கள். சாய்தளம் உண்டு, கழிப்பறை உண்டு, திருப்தி. உஷாராணிக்கு வயிற்றெரிச்சல். பட்டு அறிந்த ஒருவர் பார்த்தால்தான் சரிவரும் என்று அவள் நினைத்தாள். அவள் நினைத்ததில் தப்பில்லை. பாதிதான் சரி என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் கடையைச் சாத்திவிட்டு, பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் ஜஹானாராவை ஏற்றிக்கொண்டு பயாஸ் கிளம்பினார். ஜஹானாராவின் மடியில் நாற்பத்திரண்டு கேள்விகள் கொண்ட படிவம், பிளாஸ்க், பிஸ்கட். நாற்பத்தாறு வயதில் தேனிலவு கிளம்புகிறோம் என்று அவள் கேலி செய்தாள்.

ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரு குடியிருப்புக்குள் இருந்த பூங்காவில் மாடு நுழையாதபடி வளைத்து வளைத்துக் கம்பிக் கதவு போட்டிருந்தார்கள். மாடு நுழையவில்லை, சக்கர நாற்காலியும் நுழையவில்லை. நாமக்கல் சாலையில் இன்னொரு பூங்காவில் சாய்தளம் ஜோராக இருந்தது. ஏறிப் போனால், அது முடிகிற இடத்தில் முக்கால் அடி உயரத்துக்கு ஒரு படி. அந்தப் படியைக் கட்டியவனும் சாய்தளத்தைக் கட்டியவனும் ஒரே கொத்தனார்தானாம். பயாஸ் விசாரித்துவிட்டுத்தான் எழுதினார்.

அவருடைய முறையே தனி. டேப் வைத்து அளப்பது, கேள்வியைப் படிப்பது எல்லாம் ஜஹானாராவின் பாடு. இவர் கட்டைகளைக் கீழே போட்டுவிட்டு நேரே ஏறிவிடுவார். ஊஞ்சலில் உட்கார்ந்து பார்ப்பார். ஏணியில் கையால் தொற்றிப் பார்ப்பார். ஆத்தூர் போகும் வழியில் ஒரு சிறிய பூங்காவில் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு சறுக்குமரத்தின் உச்சிக்குப் போனார். அங்கிருந்து தெரிந்ததெல்லாம் ஒரு மரவள்ளிக் காடும், யாரோ காயப்போட்ட போர்வையும்தான். கால் மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். கீழே நின்று ஜஹானாரா கூப்பிட்டாள், காதில் வாங்கவில்லை. அன்றைக்கு நாலு தடவை சறுக்கினார். படிவத்தில் ஒரு தடவை என்று எழுதச் சொன்னார்.

தன்னால் ஏற முடிந்தால் "ஆம்", முடியாவிட்டால் "இல்லை". இதுதான் அவர் கணக்கு. அங்கேதான் பிசகியது. இருக்கிற குறைகளில் கால் வராத குறை ஒன்றை மட்டும் அவர் நன்றாக அறிந்தவர். அது ஒன்றுதான் குறை என்று நினைத்துவிட்டார். மற்றவர்களுக்கும் தன்னுடைய கை இருக்கும், தன் அத்தாவைப் போல யாராவது கொஞ்சம் கண்டிப்பாக இருந்தால் போதும் என்று உள்ளூர ஒரு நம்பிக்கை. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் உஷாராணியாவது திருத்தியிருப்பாள்.

இருபதில் பதினாறாவது பூங்கா திருச்செங்கோட்டுப் பக்கம் ஓர் ஊரில். பெயர் வேண்டாம், அந்த ஊர்க்காரர்களுக்கு ஏற்கெனவே வருத்தம் போதும். ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருந்த நந்தகுமார் என்பவர் அந்தப் பூங்காவைத் தன் செலவில் பராமரித்து வந்தார். நல்ல மனிதர். செய்த உபகாரத்தைப் பெரிய எழுத்தில் எழுதி வைப்பார், அது ஒன்றுதான் குறை. பயாஸ் கையால் தாவுவதைப் பார்த்ததும் அவருக்கு ஆள் மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது.

"எப்படி வேணும்னு மட்டும் சொல்லுங்க பாய். அச்சா அப்படியே பண்ணிப்போடலாம்" என்றார்.

பயாஸுக்கு அந்தக் கேள்வியைக் கேட்டதே பெரிய விஷயம். பட்டறைத் தரையில் சாக்பீஸால் வரைந்து காட்டினார். படி வேண்டாம். படி இருந்தால்தானே கால் வேண்டும். படிக்குப் பதிலாகச் சாய்வாக ஒரு தகடு, இரண்டு பக்கமும் கைப்பிடிக் குழாய். குழந்தை தகட்டில் உட்கார்ந்து, குழாயைப் பிடித்து இழுத்து இழுத்து மேலே போய்விடலாம். அந்தப் பக்கம் சறுக்கலாம். குழாயைப் பிடிக்க வசதியாக ஓரத்தில் தடுப்பு எதுவும் வேண்டாம் என்றும் அவர்தான் சொன்னார். நந்தகுமார் பட்டறையில் கிடந்த குழாய்களை எடுத்துப் போட்டார். பயாஸ் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்து, இரண்டு அங்குலக் குழாய் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அது அவர் உள்ளங்கைக்குப் பாந்தமாக அடங்கியது. ஆறு வயசுக் குழந்தையின் கை எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அந்தப் பட்டறையில் இருந்த ஐந்து ஆண்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

மூன்று வாரத்தில், பயாஸ் மீதி நாலு பூங்காக்களையும் பார்த்து முடிப்பதற்குள், சறுக்குமரம் தயார். ரிக் வண்டியைத் தாங்குகிற பற்றவைப்பு, யானை ஏறினாலும் அசையாது. பயாஸ் கட்டைகளைக் கீழே வைத்துவிட்டு, தகட்டில் உட்கார்ந்து, ஏழே இழுப்பில் மேலே போய், கையை ஆட்டிவிட்டு, சறுக்கி இறங்கினார். பட்டறை ஆள் ஒருவர் அதைப் போனில் பிடித்தார். நாற்பது விநாடி வீடியோ. கீழே "இனி எல்லாக் குழந்தைகளும் ஏறலாம்" என்று எழுதி வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். சேலம், நாமக்கல், ஈரோடு என்று அது ஓடிக்கொண்டே இருந்தது. ஜஹானாரா அதை எத்தனை தடவை பார்த்தாள் என்பதற்குக் கணக்கில்லை. படிவத்தில் யார் உதவியும் இன்றி விளையாட முடியுமா என்ற கேள்விக்கு நேராகப் பயாஸ் தன் கையாலேயே "ஆம்" என்று எழுதினார்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை திறப்பு. பலூன், ஒலிபெருக்கி, பொன்னாடை எல்லாம் இருந்தது. கூட்டத்தில் மஞ்சுளா என்ற பெண் ஆறு வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். கணவன் ரிக் வண்டியோடு வடக்கே போனவன், வருஷத்துக்கு இரண்டு தடவை ஊருக்கு வருவான். வீடியோவைப் பார்த்துவிட்டு இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். மகள் பெயர் ஜீவா. மூளை முடக்குவாதம் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். சுவரைப் பிடித்து நாலு எட்டு வைப்பாள். பேச்சு நிதானமாக வரும். கண் மட்டும் எல்லாவற்றையும் ஓடி ஓடிப் பார்க்கும். பயாஸின் கட்டைகளைப் பார்த்ததும் அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. பெரியவர் ஒருவர் இப்படி நடந்து அவள் பார்த்ததில்லை.

"மாமா, உங்களுக்கும் காலு தூங்குதுங்களா?" என்று கேட்டாள். அம்மா அவளுக்கு அப்படித்தான் சொல்லி வைத்திருந்தாள்.

"ஆமா கண்ணு. நாப்பது வருஷமா தூங்குது."

"எனக்குக் கையும் தூங்குதுங்க மாமா."

பயாஸ் சிரித்துக்கொண்டே அவள் கன்னத்தைத் தட்டினார். அவள் சொன்னது அவர் காதில் விழுந்தது, மனசில் ஏறவில்லை. பிற்பாடு எத்தனையோ நாள் கடையில் உட்கார்ந்து அதை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தார். குழந்தை தன் வாயாலேயே சொல்லியிருந்தாள்.

மஞ்சுளா தயங்கினாள். டம்ளரைக்கூட இரண்டு கையால்தான் தூக்குவாள், இவ்வளவு பெரிய குழாயை எப்படிப் பிடிப்பாள் என்று கேட்டாள். மகளைத் தகட்டில் உட்கார வைத்துவிட்டு, இடுப்பைச் சுற்றிப் பிடித்திருந்த கையை எடுக்காமலே நின்றாள். சுற்றிலும் போன்கள் பிடித்துக்கொண்டிருந்தன. பயாஸ் கட்டையை ஊன்றிப் பக்கத்தில் வந்தார்.

"நானும் இப்படித்தாம்மா இருந்தேன். நீங்க பிடிச்சுட்டே இருந்தா அவ என்னைக்கும் ஏற மாட்டா. கையை எடுத்துருங்க" என்றார். குரலில் அவருடைய அத்தா இருந்தார்.

மஞ்சுளா அவர் முகத்தைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், கையை எடுத்தாள்.

ஜீவா இழுத்தாள். உடம்பு ஒரு சாண் மேலே போனது. கூட்டம் கை தட்டியது. இன்னொரு சாண், இன்னும் கொஞ்சம். பாதிக்கு மேல் போய்விட்டாள். அம்மா பார்க்கிறாளா என்று சிரித்துக்கொண்டே திரும்பினாள். விரல்கள் குழாயைச் சுற்றி மூடவே இல்லை, மேலே சும்மா ஒட்டிக்கொண்டுதான் இருந்தன. தடுப்பு இல்லாத பக்கமாகச் சரிந்து, குழாய்க்கு அடியில் புகுந்து, கீழே சிமெண்ட் விளிம்பில் விழுந்தாள். இடுப்புயரம்கூட இல்லை. ஆனால் கையை ஊன்றி விழத் தெரியாத குழந்தை அவள். முழங்கை முழுப் பாரத்தையும் வாங்கியது. ஒலிபெருக்கியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்ததால் அவள் அழுதது பக்கத்தில் நின்றவர்களுக்கு மட்டும்தான் கேட்டது. பயாஸ் பக்கத்தில் நின்றார்.

எலும்பு இரண்டாகியிருந்தது. ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள். நந்தகுமார் ஓடி ஓடி எல்லாம் செய்தார். பயாஸ் ஆஸ்பத்திரி வராந்தாவில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தார். உள்ளே போகக் கால் வரவில்லை என்று சொன்னால் அவர் விஷயத்தில் பொருத்தமாக இருக்காது, மனசுதான் வரவில்லை. மஞ்சுளா மருந்துச் சீட்டோடு வெளியே வரும்போதெல்லாம் அவரைத் தாண்டித்தான் போவாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாகியிருக்கும்.

மூன்று வாரம் கழித்து ஜஹானாராவையும் கூட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனார். தறிச்சத்தம் கேட்கிற தெருவில் ஒற்றை அறை வீடு. ஜீவா கையில் கட்டோடு பாயில் சாய்ந்திருந்தாள். கட்டைகளின் சத்தம் கேட்டதும் திரும்பிப் பார்த்தாள். பார்த்த உடனே, நன்றாக இருந்த மற்றக் கையையும் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். ஜஹானாரா நீட்டிய ஆப்பிளை வாங்க அந்தக் கை வெளியே வரவில்லை.

பயாஸ் வாசற்படி அருகிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். தப்பு தன்னுடையது, குழாயைத் தேர்ந்தெடுத்தது தான், தடுப்பு வேண்டாம் என்றது தான், மன்னிக்க வேண்டும் என்று ஒரு மூச்சில் சொல்லி முடித்தார். மஞ்சுளா நின்றுகொண்டே கேட்டாள். முந்தானையை விரலில் சுற்றினாள், பிரித்தாள்.

"இப்பத்தானுங்ணா ரண்டு மாசமா அவளே சோறு அள்ளித் தின்னுட்டிருந்தா. இனி அந்தக் கை அத்தனை தூரம் மடங்காதுன்னு சொல்றாங்க" என்றாள். அப்புறம் கோபமே இல்லாத குரலில் சொன்னாள்: "நல்ல காலு இருக்கறவங்க சொல்லியிருந்தா நான் கையை எடுத்திருக்க மாட்டேனுங்ணா. எத்தனை டாக்டரு சொல்லியும் எடுத்ததில்லீங்க. நீங்க சொன்னீங்க. எடுத்துட்டேன்."

ஜஹானாரா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். பயாஸ் எழுந்திருக்கக் கட்டையைத் தேடினார், அது பக்கத்திலேயே இருந்தும் கைக்குத் தட்டுப்படவில்லை.

அதன் பிறகு கடையில் அவரால் சரியாக வேலை செய்ய முடியவில்லை. சின்னப் பிள்ளைகளின் பை வந்தால் வாரை இழுத்து இழுத்துப் பார்த்து, இந்தக் கனம் தோள் தாங்குமா என்று பெற்றவர்களைக் கேட்டுத் தொல்லை செய்தார். உஷாராணியிடம் போய், தான் எழுதிய இருபது படிவங்களையும் கிழித்துவிடச் சொன்னார். தன் ஒருவனுடைய கையால் அளந்த அளவு அது என்று சொன்னார். உஷாராணி அழுதாள். பட்டு அறிந்தவரை அனுப்பினால் போதும் என்று நினைத்தது தானும்தான் என்றாள். கை வராத குழந்தை, கண் தெரியாத குழந்தை, சத்தத்துக்குப் பயப்படுகிற குழந்தை என்று ஒவ்வொன்றையும் பெற்றவர்களோடு கூட்டிப்போய் மறுபடி முதலிலிருந்து பார்ப்பது என்று முடிவானது. யாரும் ஏறாதபடி அந்தச் சறுக்குமரத்துக்குக் கயிறு கட்டினார்கள்.

ஆனால் வீடியோவுக்கு யார் கயிறு கட்டுவது. அது போய்க்கொண்டே இருந்தது. அதைப் பார்த்த வேறு ஊர்க்காரர்கள் நந்தகுமாரின் பட்டறையில் அதே போல ஐந்து சறுக்குமரங்களுக்குச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். பயாஸ் போய்த் தடுத்துப் பார்த்தார்.

"அந்தப் புள்ளைக்கு ஆனது நேரக் கோளாறுங்க பாய். குழாயைக் கொஞ்சம் சிறுசாப் போட்டர்றேன்" என்றார் நந்தகுமார். குழாய் மட்டும் இல்லை, ஏறுகிற முறையே தப்பு என்று பயாஸ் சொன்னதற்கு, "நீங்களே ஏறினீங்களே" என்று கேட்டார்.

யார் யாருக்கோ போன் போட்டார். உஷாராணியை வைத்துக் கடிதம் எழுதி, வீடியோ வந்த குழுக்களுக்கெல்லாம் அனுப்பினார். வீடியோவைப் பத்தாயிரம் பேர் அனுப்பியிருப்பார்கள். கடிதத்தை ஒருவர்கூட அடுத்தவருக்கு அனுப்பவில்லை. ஒன்றிரண்டு பேர் பதிலுக்குக் கட்டைவிரல் படம் போட்டார்கள். ஒருவர் பதிலாக அந்த வீடியோவையே திருப்பி அனுப்பினார்.

சங்ககிரி போகும் வழியில், லாரிக்காரர்கள் அதிகம் குடியிருக்கும் ஒரு புது நகரில், அந்த ஐந்தில் முதல் சறுக்குமரம் எழுந்து நின்றுவிட்டது. திறப்புக்குப் பயாஸ்தான் சிறப்பு விருந்தினர் என்று நோட்டீஸ் அடித்து, வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். போகவே கூடாது என்று இரண்டு நாள் இருந்தார். மூன்றாம் நாள், போகாமல் இருந்தால் மட்டும் திறக்காமல் இருப்பார்களா என்று ஜஹானாரா கேட்டாள். ஸ்கூட்டரை எடுத்தார்.

பூங்காவில் அதே பலூன், அதே பொன்னாடை. குழாய் கொஞ்சம் சிறியதாக இருந்தது. ஓரத்தில் தடுப்பு இல்லை, வீடியோவில் இல்லையே. சக்கர நாற்காலியிலும் இடுப்பிலுமாக எட்டுக் குழந்தைகள் வரிசையில் காத்திருந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் புதுச் சட்டை போட்ட ஐந்து வயதுக் குழந்தை ஒன்று. கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தே இருந்தது. கைகள் மடியில் கிடந்தன. கண் மட்டும் சறுக்குமரத்தின் மேல். பயாஸ் மைக்கை வாங்கி, தன்னால் ஒரு குழந்தையின் கை போனதைச் சொன்னார். இதில் குழந்தைகளை ஏற்ற வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார். விழாக்காரர் ஒருவர் மெதுவாக மைக்கைத் திருப்பி வாங்கினார்.

"பாய்க்கு எப்பவும் தன்னடக்கம் ஜாஸ்திங்க. அவர் எப்படி ஏறுவார்னு நாம எல்லாருமே பார்த்திருக்கிறோம். இப்ப நேர்ல ஏறிக் காட்டுவாரு. அதுக்கப்புறம் குழந்தைங்க ஏறட்டும்" என்றார். கை தட்டினார்கள்.

பயாஸ் கட்டைகளை ஜஹானாராவிடம் கொடுத்தார். தகட்டில் உட்கார்ந்தார். முதல் இழுப்பு, இரண்டாவது இழுப்பு. கை தன்பாட்டுக்கு வேலை செய்தது, அதற்கு வேறு ஒன்றும் தெரியாது. பாதிக்கு வந்துவிட்டார். கீழே பார்த்தார். அந்தக் குழந்தை வாயைத் திறந்தபடி அவருடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் அம்மா நாற்காலி வாரை அவிழ்க்க ஆரம்பித்திருந்தாள்.

பயாஸ் இரண்டு கையையும் ஒரே நேரத்தில் விட்டார்.

ஓரமாகச் சரிந்து, குழாய்க்கு அடியில் புகுந்து, கீழே விழுந்தார். விழும்போது கையை ஊன்றாமல் இருப்பதுதான் அவருக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. நெற்றி கல்லில் பட்டது. ஐயோ என்றார்கள், ஓடி வந்தார்கள். முன்பின் தெரியாத இரண்டு பேர் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார்கள். தூக்க விட்டார். ரத்தம் புருவத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.

"முடியலைங்க. என்னாலயே முடியலை" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. "கொழந்தைங்களை ஏத்தாதீங்க."

பாவம், வயசாகிவிட்டது என்று ஒருத்தி சொன்னாள். காலில்லாதவரை இப்படியா வதைப்பது என்று ஒருவர் விழாக்காரரைச் சத்தம் போட்டார். வாழ்நாள் முழுக்க அவர் அண்டவிடாமல் வைத்திருந்த பரிதாபம் மொத்தமும் அன்றைக்கு ஒரே இடத்தில் அவர் மேல் வந்து இறங்கியது. இந்தத் தடவையும் போன்கள் பிடித்துக்கொண்டுதான் இருந்தன, பிடிக்கட்டும் என்று முகத்தை மறைக்காமல் நின்றார். சாமியானாக் கயிற்றை அவிழ்த்து யாரோ சறுக்குமரத்துக்குக் குறுக்கே கட்டினார்கள். ஜஹானாரா முக்காட்டு நுனியால் அவர் நெற்றியை அழுத்திப் பிடித்தாள். இருபது வருஷத்தில் அவர் விழுந்து பார்த்திராதவள். விழுந்தாரா, கையை விட்டாரா என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது, கேட்கவில்லை, அழுதாள்.

வரிசை கலைந்தது. முதலில் நின்ற அம்மா வாரை மறுபடி மாட்டி, நாற்காலியை வாசல் பக்கம் திருப்பினாள். குழந்தைக்கு அப்போதுதான் புரிந்தது. சாய்ந்த கழுத்தைத் திருப்ப முயன்று, திரும்ப வராமல், "நான் ஏறோணும், நான் ஏறோணும்" என்று அழ ஆரம்பித்தது. அம்மா குனிந்து ஏதேதோ சொன்னாள். அழுகை நிற்கவில்லை.

பயாஸ் அவசரமாகச் சுற்றிலும் பார்த்தார். ஊஞ்சல் ஒன்று இருந்தது, முதுகுக்குச் சாய்மானம் இல்லை. ஏற்ற இறக்கப் பலகை இருந்தது, இரண்டு கையாலும் இறுகப் பிடிக்க வேண்டும். ராட்டினம் மணலுக்கு நடுவில் இருந்தது, அந்த மணலில் சக்கரம் போகாது. இருபது பூங்காக்களைப் பார்த்தவர், அடுத்து என்ன இருக்கும் என்று பார்க்காமலே சொல்லக்கூடியவர். கூப்பிட்டு நிறுத்தி, இதோ இதில் விளையாடு கண்ணு என்று அந்தக் குழந்தைக்குக் காட்ட அவரிடம் ஒன்றும் இல்லை. நாற்காலி வாசலைத் தாண்டி, நெடுஞ்சாலையின் லாரிச் சத்தத்தில் அழுகை கேட்காமல் போகும்வரை நின்றுகொண்டிருந்தார்.